ஜப்பானியப் பண்பாட்டில் பூ மென்மைக்கும் வாள் வன்மைக்கும் அடையாளம் என்கிறார்களே, அது சரியா?

நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கியோத்தோவில் ஒரு தேநீர் அறைக்குள் மண்டியிட்டுத் தவழ்ந்து நுழைந்த அன்று அந்த எண்ணம் கலைந்தது. அந்த வாசலுக்கு நிஜிரிகுச்சி என்று பெயர். இரண்டடிக்குச் சற்றே கூடுதலான உயரம்தான் இருக்கும். முட்டி வலிக்காரர்கள் யோசித்துவிட்டுப் போகலாம். இடுப்பில் வாளோடு அதற்குள் புகுவது முறையல்ல. சாமுராய் தன் வாளை வெளியே இருக்கும் தாங்கியில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து உள்ளே போவான். அங்கே மாடத்தில் ஒற்றைப் பூ இருக்கும். வாளைக் கழற்றிய அதே ஆள்தான் பூவின் முன்னால் உட்கார்கிறான்.

இந்தத் தேநீர் மரபுக்கு வடிவம் கொடுத்தவர் சென் நோ ரிக்யூ. அவருடைய தோட்டத்தில் காலையில் மலரும் அசகாவோ (மார்னிங் குளோரி) பூக்களின் அழகைக் கேள்விப்பட்டு, அந்நாளில் நாட்டையே ஆண்ட ஹிதேயோஷி ஒரு விடியற்காலையில் பார்க்க வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூ கூட இல்லை. அத்தனையையும் பறித்தாயிற்று. எரிச்சலோடு அறைக்குள் நுழைந்தவர் கண்ணில் பட்டது மாடத்திலிருந்த ஒரே ஒரு பூ. செவிவழிக் கதைதான், ஆனால் பூவை அறுப்பதிலும் ஒரு வாள்வீச்சு இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. 1591இல் அதே ஹிதேயோஷியின் ஆணைப்படி ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார்.

வாளிலேயே பூ பூத்த கதையும் உண்டு. அரியணை துறந்த பேரரசர் கோ-தோபாவுக்கு வாள் என்றால் உயிர். பெயர்பெற்ற கொல்லர்களை மாதமுறை வைத்து அரண்மனைக்கு வரவழைத்து, தாமே வாள்களைப் பதப்படுத்தினார் என்பார்கள். அவற்றின் அடிப்பகுதியில் சாமந்தி செதுக்கப்பட்டிருக்கும். 1221இல் படை திரட்டித் தோற்று, ஓக்கி தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1239இல் அங்கேயே இறந்தார். அவர் விரும்பிய சாமந்திதான் பின்னாளில் பதினாறு இதழ்களோடு அரச குலத்தின் சின்னமாயிற்று.

சகுரா என்னும் செர்ரிப் பூவைப் பற்றித்தான் எனக்கு ஒரு கசப்பு. ‘பூக்களில் சகுரா, மனிதரில் சாமுராய்’ என்பது பழமொழி. வாடும்வரை காத்திராமல் உதிர்வதால் வீரச்சாவுக்கு உவமை என்று விளக்குவார்கள். ஆனால் மொத்தோஓரி நோரிநாகா என்ற அறிஞர் 1790இல் வரைந்த தன் உருவப்படத்தில் எழுதிவைத்த கவிதையைப் பாருங்கள்: யமாத்தோ மனம், அதாவது ஜப்பானிய மனம், எது என்று கேட்டால், காலை வெயிலில் ஒளிரும் மலைச் சகுரா என்கிறார். சாவைப் பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. இரண்டாம் உலகப்போரில், 1944 அக்டோபரில், முதல் தற்கொலைப் படைப்பிரிவுகளுக்கு அந்தக் கவிதையிலிருந்தே பெயர்களை உருவினார்கள்: ஷிக்கிஷிமா, யமாத்தோ, அசாஹி, யமாசகுரா. மனிதன் ஓட்டிச் சென்று மோதும் ராக்கெட் குண்டுக்கு ‘ஓக்கா’, அதாவது சகுராப்பூ என்று பெயரிட்டார்கள். பழைய மரபு என்று நாம் நம்புவதில் பெரும்பகுதி இப்படி அண்மையில் பூசப்பட்ட வண்ணம்.

கமீலியாவைச் சாமுராய்கள் வெறுத்தார்கள், முழுப் பூவாகக் கழன்று விழுவது வெட்டுண்ட தலையை நினைவூட்டும் என்பதையும் நீங்கள் படித்திருக்கலாம். இன்றும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அதை எடுத்துப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் வாள்வீரர்களுக்கெல்லாம் தலைவரான இரண்டாம் தொக்குகாவா ஷோகுன் ஹிதெத்தாதா, எடோ கோட்டைத் தோட்டத்தில் தேடித்தேடிச் சேர்த்து வளர்த்தது இந்தக் கமீலியாவைத்தான்.