கோயிலா, பம்ப் ஹவுஸா?

கேள்வி: ஐயா, பிலடெல்பியாவில் வேலை பார்க்கும் என் பேரன் போனில் ஒரு படம் அனுப்பினான். ஆற்றங்கரையில் தூண் தூணாகக் கோயில் மாதிரி கட்டடம். "பாட்டி, இது பழைய பம்ப் ஹவுஸ்" என்கிறான். கேலி செய்கிறானா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: நிஜம்தான் அம்மா. நீங்கள் நம்பாததிலும் தப்பில்லை. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமத்தில் நான் முப்பத்தோரு வருடம் மோட்டார் ஆபரேட்டர். எங்கள் பம்ப் ஹவுஸ் பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பம்பின் தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்டில் சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு பெயிண்ட் டப்பா. கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் குச்சி சிக்கினால் குழாய்த் தண்ணீர் இறங்கிவிடும்; ராத்திரி இரண்டு மணிக்கும் குடம் குடமாக ஊற்றிக் குழாயை நிரப்பி, அதாவது பிரைமிங் செய்து, ஓட்டணும். அதற்குத் தூண் வைக்க யாருக்குத் தோன்றும்?

பேரன் அனுப்பியது ஸ்கூல்கில் ஆற்றங்கரை ஃபேர்மவுண்ட் நீரேற்று நிலையமாகத்தான் இருக்கும். 1815-இல் நீராவி இஞ்சினோடு ஆரம்பித்தார்கள். ஆற்றுத் தண்ணீரைப் பக்கத்துக் குன்றின் மேலிருந்த தொட்டிக்கு ஏற்றிவிட்டால், அங்கிருந்து ஊருக்குத் தானாக இறங்கிவிடும். ஆனால் இஞ்சின் விறகைத் தின்றே தீர்த்தது. அதனால் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, 1822-லிருந்து தண்ணீர்ச் சக்கரத்தால் பம்பை ஓட்டினார்கள். ஆறே தன் தண்ணீரை மேலே தூக்கிக் கொடுத்தது! விறகு வேண்டாம், கரண்ட் பில் கிடையாது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இஞ்சின் ஓய்ந்த கூடத்தை, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சிற்றுண்டிச் சாலையாக்கிவிட்டார்கள்.

அப்புறம் ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்து ஆறு கெட்டது. 1909-இல் நிலையத்தை மூடினார்கள். 1911-இல் அதே கட்டடத்தில் மீன் காட்சியகம். 1962 வரை அது இருந்தது. பிறகு நீச்சல் குளம், 1973 வரை. 2003-லிருந்து ஆற்றையும் குடிநீரையும் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மையம். குன்றின் மேல் தொட்டி இருந்த இடத்தில் இப்போது நிற்பது பெரிய கலை அருங்காட்சியகம். அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கள் கிணற்றில் ஃபுளூரைடு. ஊர்ப் பிள்ளைகள் பல்லெல்லாம் கறை. ஒகேனக்கல் தண்ணீர் வந்ததும் மோட்டாரை நிறுத்தினார்கள், சந்தோஷம்தான். போன மாதம் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். கூரை வரை புளி மூட்டை. வாடகை யாருக்குப் போகிறது என்று கேட்டேன். "உங்களுக்கு டீ சொல்லட்டுமா?" என்றார்கள்.