வாசகர் கேள்வி பதில்: தோம்பில் பெயர் ஏறினால் வேதக்காரரா?

கேள்வி: பதினாறாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவச் சீர்திருத்தம் என்றால் புரட்டஸ்தாந்துக்காரரான லூதர், கல்வின் என்றுதான் படித்தோம். கத்தோலிக்கருக்கும் தனியாக ஒரு சீர்திருத்தம் இருந்ததா, இல்லை அது வெறும் பதிலடியா?
(ஏ.எல். மாணவி, கரவெட்டி)

பதில்: பதிலடியும்தான், ஆனால் அது பாதிக் கதை. ஸ்பெயினில் கர்தினால் சிஸ்னேரோஸ் துறவற மடங்களை ஒழுங்குக்குக் கொண்டுவரப் பாடுபட்டதெல்லாம் லூதர் எதிர்ப்பைத் தொடங்கிய 1517க்கு முந்தியது. பிறகு கத்தோலிக்க ஆயர்களின் திரெந்துப் பொதுச்சங்கம் 1545 முதல் 1563 வரை விட்டுவிட்டுக் கூடி, ஆயர் தன் மறைமாவட்டத்திலேயே இருக்க வேண்டும், குருமாரைப் பழக்கக் குருமடம் வேண்டும், பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாத கலியாணம் செல்லாது என்றெல்லாம் விதித்தது. எனக்கு இதில் சுவையாகப் படுவது, இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஒரே வேலையைச் செய்ததுதான். லூதர் 1529இல் சின்ன ஞானோபதேச வினாவிடை எழுதினார், உரோமை 1566இல் பங்குக் குருமாருக்கென்று ஒன்றை வெளியிட்டது. ஞானஸ்நானப் பதிவேடு இரு தரப்பிலும் வந்தது. ஜெனீவாவில் கல்வினின் மூப்பர் சபை வாராவாரம் கூடி, ஆடினவர், சண்டை பிடித்தவர், பழைய லத்தீன் செபத்தை விடாதவர் என்று ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தது. கத்தோலிக்க ஊரிலோ வருடத்தில் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தாரா என்று பங்குக் குரு பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண சனத்துக்கு எந்தப் பக்கம் போனாலும் தப்ப வழியில்லை.

கேள்வி: பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்த 95 கருத்துகளை லூதர் ஆலயக் கதவில் அறைந்தது உண்மையா?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: 1517 ஒக்டோபர் 31இல் மைன்ஸ் பேராயருக்கு அனுப்பினது உறுதி. கதவுக் கதையைப் பரப்பிய அவருடைய தோழர் மெலாங்தன் அப்போது லூதரின் ஊரான விட்டன்பேர்க்கிலேயே இல்லை, எழுதினதும் லூதர் இறந்த பிறகு. படம் வரைய வசதியான கதை, அவ்வளவுதான்.

கேள்வி: ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணமே அவர்களின் புரட்டஸ்தாந்து சபைக்கு மாறிவிட்டதாமே. அந்தச் சனமெல்லாம் பிறகு எங்கே போனது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை)

பதில்: எங்கேயும் போகவில்லை ஐயா, முக்கால்வாசிப் பேர் வீட்டில் திருநீறு பூசிக்கொண்டுதான் இருந்தார்கள். 1658இல் கோட்டையைப் பிடித்தவர்கள் போர்த்துக்கேயரின் கத்தோலிக்கக் கோயில்களையும் பக்கத்துப் பள்ளிக்கூடங்களையும் அப்படியே எடுத்து, சுரூபங்களை அகற்றி, பால்டேயுஸ் போதகரிடம் ஒப்படைத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார்தான் தோம்பு என்ற பதிவேட்டில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிவார். அதில் பெயர் இல்லாவிட்டால் முதுசத்தில் சிக்கல், அரசாங்க உத்தியோகமும் கிடையாது, அப்போ யார்தான் பெயர் கொடுக்காமல் இருப்பார்கள்? உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்கவென்று 1690இல் நல்லூரில் ஒரு செமினரிகூட வைத்துப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள், வற்புறுத்தல் நின்றது, சில பத்தாண்டுகளுக்குள் சபையே கரைந்துபோனது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் உங்கள் ஊரிலும் பழைய கோயில் கட்டடங்களைத் திருத்தி, ஆட்களை முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது.

கேள்வி: ஒல்லாந்து அந்தக் காலத்தில் மதச் சகிப்புக்குப் பேர்போன நாடு என்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் கத்தோலிக்கச் சுவாமிமாரைத் துரத்தினார்கள்?
(வாசகி, இளவாலை)

பதில்: அங்கேயும் பகிரங்கப் பூசைக்கு இடமில்லை. ஆனால் ஒளிவுமறைவாக நடந்தால் அதிகாரிகள் காணாதமாதிரி இருந்துவிடுவார்கள்; அம்ஸ்டர்டாமில் 1663இல் ஒரு வியாபாரி தன் வீட்டின் மேல்மாடியில் முழுக் கோயிலே அமைத்தார், இன்றும் போய்ப் பார்க்கலாம். இங்கே கதை வேறு. கத்தோலிக்கர் என்றால் போர்த்துக்கேயரின் ஆட்கள் என்ற பயம், கோட்டை விழுந்த அதே ஆண்டில் அதைத் திரும்பப் பிடிக்கச் சதி ஒன்றும் அகப்பட்டது. சுவாமியாருக்கு இடம் கொடுத்தாலே மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். அப்படியும் 1687இல் யோசேப் வாஸ் சுவாமியார் கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் வந்து சேர்ந்தார், உங்களுக்குப் பக்கத்திலுள்ள சில்லாலைச் சனம் அவரை ஒளித்து வைத்தது. கடைசியில் அவருக்குப் பகிரங்கமாக வேலை செய்ய இடம் கொடுத்தவர் ஒரு பௌத்தர், கண்டி அரசர். அவரும் முதலில் ஒற்றன் என்றுதான் சிறையில் போட்டார்.