தங்கையின் இயந்திரத்துக்கு இங்கே வட்டியா?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். அறந்தாங்கிப் பக்கம் கிராமத்தில் என் தங்கை பாக்குமட்டைத் தட்டு செய்கிறாள். செலவு போக மாதம் 6,000 ரூபாய் நிற்கிறது. அவளுக்காக உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் இரண்டு முறை கடன் வாங்கி அடைத்தேன். இப்போது இரண்டாவது இயந்திரம் கேட்கிறாள். இயந்திரம் விற்பவரே தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொள்வாராம். மறுபடியும் 3,000 சிங்கப்பூர் வெள்ளி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தங்கைக்கு உதவுவதை நான் தடுக்கவில்லை. அவர் "அண்ணா" என்றதும் நீங்கள் மாதம் 4 சதவீத வட்டிக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

3,000 வெள்ளியில் 10 சதவீதம் வரை நிர்வாகக் கட்டணம் பிடித்துக்கொள்ளலாம். கைக்கு வருவது 2,700. முதல் மாத வட்டி 120 வெள்ளி. வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்தால் 8,400 ரூபாய். புது இயந்திரமும் பழையதைப் போல 6,000 ஈட்டினால்கூட வட்டிக்கே காணாது, பிறகல்லவா அசல்!

கைக்கு வரும் அந்த 2,700 வெள்ளியை, அதாவது 1,89,000 ரூபாயை, அவர் ஊர் வங்கியில் சிறுதொழிலுக்கான முத்ரா திட்டக் கடனாக, ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதத்தில் வாங்கினால் முதல் மாத வட்டி 1,900 ரூபாய்க்குள் முடியும். அடமானமும் தேவையில்லை. அவர் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. இல்லையென்றால் முதலில் சேரச் சொல்லுங்கள். குழுவுக்கென்றே வங்கிக் கடன் உண்டு. கணக்கு எழுதத் தடுமாறுகிறார் என்றால், ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. பயிற்சி இலவசம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீத மானியம் என்று யாராவது ஆசை காட்டினால் மயங்க வேண்டாம். அது புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு. உங்கள் தங்கையின் தொழில் ஏற்கெனவே ஓடுகிறது.

திரும்ப வாங்கும் கதைக்கு வருகிறேன். நீங்கள் படமெடுத்து அனுப்பிய ஒப்பந்தத்தின் கடைசி வரியில், பொடி எழுத்தில், "தரம் திருப்தியாக இருப்பின்" என்று இருக்கிறது. யாருக்குத் திருப்தி? ஈமு கோழி விற்றவர்களும் திரும்ப வாங்குவோம் என்றுதான் சொன்னார்கள்; 2012-இல் ஈரோட்டுப் பக்கம் அதை நம்பிப் பணம் போட்டவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். இப்போது செய்யும் தட்டுகளைச் சமையல்காரர்களும் கல்யாண மண்டபங்களும் தேடி வந்து வாங்கி, கேட்ட அளவு கொடுக்க முடியாமல் போனால் மட்டுமே இரண்டாவது இயந்திரம்.

வெறுங்கையாக மறுக்க மனம் வராவிட்டால், சம்பளத்தில் மிஞ்சுவதிலிருந்து மாதம் 150 வெள்ளி, ஆறு மாதங்களுக்கு அனுப்புங்கள். அதுவும் அந்த மாதக் கணக்கு நோட்டின் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்த பிறகு. பக்கம் வராத மாதம் பணமும் போகக் கூடாது. கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.