வயது குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்பதை ஏற்கும் கடைக்காரர்களே ஏன் விற்கிறார்கள்?

பெரும்பாலான கடைக்காரர்களுக்குச் சட்டத்தின் நோக்கத்தோடு சண்டை இல்லை. சிறுவன் கையில் சிகரெட் கொடுக்க யாருக்கும் மனம் வராது. மனத்தாங்கல் அமலாக்கத்தின் மீதுதான்: "நான் மறுத்தால் அடுத்த கடையில் வாங்கிவிடுவான், அவரை யாரும் கேட்பதில்லை." சோதனை எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி வராதவரை இது நியாயமான புகார்தான்.

தவறு நடப்பது கல்லாவில். கூட்ட நேரத்தில் முகத்தைப் பார்த்தே வயதைக் கணிப்பார்கள். 16 வயதுப் பையன் 20 போலத் தெரிவான். "அப்பாவுக்கு" என்றால் கொடுத்துவிடுவார்கள். முதலாளிக்குச் சட்டம் தெரிந்தாலும், மாலையில் நிற்கும் பகுதிநேரப் பையனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2005-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, சந்தேகம் வந்தால் வயதுச் சான்று கேட்கச் சொல்கிறது. 25-க்குக் கீழே தெரியும் எவரிடமும் கேட்பது என்று வைத்துக்கொண்டால் கணிப்புப் பிழை வெகுவாகக் குறையும். இன்றைய தேதியில் 18 வயது நிறைந்திருக்க எந்த நாளுக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று கல்லாவருகே தினமும் எழுதி ஒட்டுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

அறிவிப்புப் பலகையும் துண்டறிக்கையும் மட்டும் போதவே போதாது. அதிகாரிகள் மேற்பார்வையில் சிறுவரை அனுப்பிச் செய்யும் சோதனைக் கொள்முதல் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். அபராதம் கல்லாவில் நின்றவரோடு முடியாமல் உரிமையாளரையும், மீண்டும் மீறினால் உரிமத்தையும் தொட வேண்டும்.