மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள்: 6.5 கிரீட்மோர், .308 வின்செஸ்டர், .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகியவற்றில் எது?

உரிமம் வந்துவிட்டது, மான்தான் இலக்கு, 300 மீட்டருக்கு மேல் சுடப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட மூன்றும் தோட்டா வகைகள்; ஒவ்வொன்றுக்கும் தனி ரைஃபிள் வேண்டும். அப்படியானால் 6.5 கிரீட்மோர் வாங்குங்கள். தோட்டா எங்கும் கிடைக்க வேண்டும் என்றால் .308. மேக்னம் வேண்டாம்.

நான் தொடங்கியதே .300 மேக்னத்தில்தான். குறி சற்றுப் பிசகினாலும் பெரிய தோட்டா ஈடுகட்டிவிடும் என்று நம்பினேன். அது தவறு. நூறு மீட்டரிலேயே குண்டுகள் குறிக்குக் கீழே சிதறின. தொலைநோக்கியில்தான் கோளாறு என்று இரண்டு முறை கழற்றி மாட்டினேன். ஒரு நாள், உடன் வந்த மூத்த வேட்டைக்காரர் எனக்குச் சொல்லாமல் வெடிமருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை இடையில் செருகிக் கொடுத்தார். விசையை இழுத்தேன். 'டிக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது. ஆனால் குழல்முனை இரண்டு விரற்கடை கீழே குனிந்துவிட்டது, கண்ணும் இறுக மூடியிருந்தது. சுடும்போது துப்பாக்கி தோளில் தரும் உதை வராமலே, அதற்கு உடம்பு முந்திக்கொண்டு அஞ்சியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் போக்க உதை மிகக் குறைந்த .22 ரைஃபிளில் ஒரு வருடம் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது.

தொலைநோக்கியோடு 3.6 கிலோ எடையுள்ள ரைஃபிளில் கணக்குப் போட்டால், உதையின் ஆற்றல் 6.5 கிரீட்மோருக்குச் சுமார் 16 ஜூல், .308-க்கு 21, .300 மேக்னத்துக்கு 39 அளவில் வரும். குண்டின் எடை மட்டுமல்ல, குழலிலிருந்து பீறிடும் மருந்துப் புகையும் சேர்ந்தே தோளைத் தள்ளுகிறது. மேக்னத்தில் மருந்து ஒன்றரை மடங்குக்கும் அதிகம்.

அவ்வளவு உதை வாங்கிக் கிடைப்பது என்ன? 200 மீட்டருக்குக் குறி பொருத்தி 300 மீட்டரில் சுட்டால், .308-க்கும் மேக்னத்துக்கும் குண்டு தாழ்வதில் உள்ள வேறுபாடு பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. மானின் நெஞ்சுப்பகுதி அதைவிட எவ்வளவோ அகலம். 6.5-இன் குண்டு நீண்டு மெலிந்தது. காற்றை நன்றாகக் கிழித்துப் போவதால் பக்கக்காற்றிலும் குறைவாகவே விலகுகிறது. தூரமாகப் போகப் போக .308 பின்தங்குவது அதனால்தான். 500 மீட்டரில் எல்க் போன்ற பெரிய விலங்கைச் சுடப் பழகியவருக்கு மேக்னம் பொருந்தும். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

குழல் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். தேய்வது பெரும்பாலும் தோட்டா அறையை அடுத்து, குண்டைச் சுழலவைக்கும் சுருள்வரி தொடங்கும் இடம்தான். உள்நோக்கிக் கருவியை விட்டுப் பார்த்தால் அங்கே உருக்கு, கோடையில் வற்றிய குளத்தின் அடிமண்போல் வெடித்திருக்கும். சூடான வாயு அந்த வெடிப்புகளை ஒவ்வொரு முறையும் அரித்துப் பெரிதாக்கும். எவ்வளவு மருந்து எவ்வளவு சிறிய துளை வழியாக எரிந்து போகிறது என்பதே கணக்கு. 6.5-இல் மருந்து .308 அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம், துளையின் பரப்போ கால்வாசி சிறியது. ஆகவே .308 குழல் 5,000 தோட்டா வரை துல்லியம் காக்கும் என்றால், 6.5 குழல் 2,000 முதல் 3,000 வரை தாங்கும். மேக்னம் 1,500-ஐ ஒட்டித் தளரத் தொடங்கும். வேகமாகச் சுட்டுச் சூடேற்றினால் இவை எல்லாமே குறையும்.

ஆண்டுக்கு 150 தோட்டா சுடுபவருக்கு மேக்னம் குழலே பத்தாண்டு வரும். ஆனால் முதல் வருடத்தில் நீங்கள் குறைந்தது 500 தோட்டாவாவது சுட வேண்டும் என்பது என் கருத்து. பயிற்சியின்போது மூன்று தோட்டா சுட்டதும் அறையைக் காலி செய்து, அறையை மூடும் போல்ட்டைத் திறந்து வைத்து, குழலைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால், அது ஆறும்வரை அடுத்ததை ஏற்றாதீர்கள்.