ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்

கேள்வி: இரும்புக்கை மாயாவியின் ஒரிஜினல் ஓவியப் பக்கம் ஒன்றைத் தருகிறேன், உன் முப்பது பழைய முத்து காமிக்ஸைக் கொடு என்கிறார் ஒருவர். மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அவசரப்படாதீர்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் நமக்குத் தந்த மாயாவி, பிரிட்டிஷ் வார இதழுக்காக ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த காமிக்ஸ் நாயகன். அசல் பக்கத்தில் வசனம் இருந்தால் ஆங்கிலமாகத்தான் இருக்கும். தமிழ் இருந்தால் அது இங்கே அச்சுக்காக எடுத்த பிரதி.

பக்கத்தை ஜன்னலோரம் சாய்த்துப் பாருங்கள். அசலாக இருந்தால் தூரிகை மையின் கறுப்பு ஒரே சீராக இருக்காது. திருத்திய இடத்தில் வெள்ளைப் பெயின்ட் மேடு தட்டும். அழித்த பென்சில் கோட்டின் தடம்கூடத் தெரியும், அதைப் பார்க்கும் சுகமே தனி!

சரி, அசலே கிடைத்தாலும் கண்ணாடியோடு ஒட்டி பிரேம் போடாதீர்கள். செங்கோட்டையில் என் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு பக்கத்தை மாட்டினேன். சாரல் மாத ஈரத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இன்னும் மனசு ஆறவில்லை. கண்ணாடிக்கும் பக்கத்துக்கும் நடுவில் ஓரமாக அட்டை கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.