சிக்கரி: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கொஞ்ச காலமாகக் காபியில் தீவிரமாக இறங்கியிருக்கிறேன். சிக்கரி கலக்காத காபி மட்டும்தான். கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு வீட்டில் அரைத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் மெஷின் காபியைத் தொடுவதில்லை, டிகாக்‌ஷனை ஃபிளாஸ்கில் கொண்டுபோகிறேன். அப்பா இருந்தவரை சிக்கரி கலந்துதான் வாங்குவார். அது கலப்படம் என்று கடைசிவரை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. இப்போது அம்மாவும் என் காபியை இரண்டு வாய் குடித்துவிட்டு, 'இதுல காப்பியே இல்லடா' என்று வைத்துவிடுகிறார். பீபெரி நல்லதா, பிளாண்டேஷன் ஏ நல்லதா? ரொபஸ்டா சேர்க்கலாமா? அம்மாவை எப்படிப் பழக்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பீபெரியா பிளாண்டேஷன் ஏ-வா என்பதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பீபெரி தனி ரகம் கிடையாது. ஒரு பழத்துக்குள் இரண்டு விதை வளர வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் வளர்ந்தால் அது தட்டையாகாமல் உருண்டுவிடும், அவ்வளவுதான், ஒரே செடியில் இரண்டும் காய்க்கும். பிளாண்டேஷன் ஏ என்றால் பழத்தோல் உரித்து, அலசிக் காயவைத்த அராபிகா இனக் காப்பியில் பெரிய அளவுக் கொட்டை. எந்த மலையில் விளைந்தது, எப்போது வறுத்தது என்று கேட்காமல் இந்த இரண்டு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போடுவதில் ஒன்றுமில்லை. இன்னொரு இனமான ரொபஸ்டாவைத் தாராளமாகச் சேருங்கள். இந்தியாவில் விளைவதில் பெரும்பங்கு அதுதான், பாலுக்கு நன்றாகத் தாங்கும். கஃபைன் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் ராத்திரித் தூக்கம் கெடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அப்பாவைப் பற்றிய வரி. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன், ஏனென்றால் எங்கே போனாலும் யாராவது ஒருவர் 'நாங்கள் சிக்கரி சேர்ப்பதில்லை' என்று விரதம் இருக்கிறவர் மாதிரி சொல்கிறார். அப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை என்கிறீர்கள். அவருக்கு என்ன புரிய வேண்டியிருந்தது? கடையில் நின்று, இத்தனை காப்பி, இத்தனை சிக்கரி என்று வாய்விட்டுச் சொல்லி, கண் முன்னால் அரைத்து வாங்கிய மனிதர் அவர். தெரியாமல் சேர்த்து விற்றால் கலப்படம். சொல்லிச் சேர்த்தால் அது கலவை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது: காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, மீதி சிக்கரி இருக்கலாம், எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்க வேண்டும். நிஜக் கலப்படம் என்றால் புளியங்கொட்டையை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பது. அதைச் செய்கிறவர்கள் மேல் கோபப்படுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கோபப்படுகிறேன்.

சிக்கரி ஒரு கிழங்கு, எஸ். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிராகிறது, தோண்டி நறுக்கிக் காயவைத்து வறுக்கிறார்கள். கஃபைன் துளியும் கிடையாது. ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, சிக்கரி கலந்த தூளை மேலே லேசாகத் தூவிப் பாருங்கள். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி உடனே நனைந்து, பின்னாலேயே பழுப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். ஃபில்டருக்குள் நடப்பதும் இதுதான். சிக்கரி தண்ணீரை வாங்கி ஊறி, மேல் தட்டில் இருக்கும் வெந்நீரைச் சட்டென்று ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, கெட்டியாக இருக்கிறது. காப்பித்தூளில் தண்ணீரில் கரையக்கூடியது மூன்றில் ஒரு பங்குகூட வராது. வறுத்த சிக்கரியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அதனால்தான் அந்த நிறம், அந்தத் திண்மை, அவ்வளவு பாலை ஊற்றியும் கரைந்து போகாமல் நாக்கில் நிற்கிற கசப்பு. அம்மா தேடுவது அதைத்தான். உங்கள் தூய காப்பியை அவர் பழகிய அளவுக்குப் பால் ஊற்றிக் கொடுத்தால் பால்தான் தெரியும். 'இதுல காப்பியே இல்லடா' என்று அவர் சொன்னது சரியான விமர்சனம். பால் விடாமல் குடிக்கிறீர்கள் என்றால் உங்களுக்குச் சிக்கரி வேண்டாம், அங்கே அது இடைஞ்சல்தான். பாலில் குடிக்கிற வீட்டுக்கு வந்து அதே சட்டத்தைப் போடாதீர்கள்.

என் பெரியம்மா பட்டிவீரன்பட்டியில் காப்பிக் கிடங்கில் கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போனவர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து மலைத் தோட்டங்களிலிருந்து மூட்டைகள் அங்கேதான் வந்து இறங்கும். தோல் நீக்கி சல்லடையில் சலித்த பிறகும் கண்ணும் கையும் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கும். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் தனியே எடுக்க வேண்டும். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். பெரியம்மா சொளகைச் சற்றே சாய்த்து விரலால் தட்டுவார், உருண்டைக் கொட்டைகள் உருண்டு விளிம்புக்கு ஓடிவரும், தட்டைக் கொட்டைகள் வயிறு கீழாகப் படுத்து அங்கேயே கிடக்கும். நீங்கள் கேட்கிற பீபெரி அதுதான். பச்சைக் கொட்டைக்குக் காப்பி வாசனை இருக்காது, சாக்கு வாசனைதான், சாயங்காலம் அவர் சேலையிலும் அது இருக்கும். அந்த உருண்டைக் கொட்டை முழுக்க வெளியூருக்குப் போகும். பெரியம்மாவால் வாங்க முடிந்தது உடைசல். அதை இரும்புச் சட்டியில் போட்டு, புகை கண்ணை எரிக்க எரிக்க வறுத்து, கைமெஷினில் அரைத்து, வத்தலக்குண்டில் வாங்கிய சிக்கரியைக் கலந்து வைப்பார். உடைசல் சீராக வறுபடாது, சின்னது கருகும், பெரியது வேகாது. அந்தக் குறையெல்லாம் மறைந்து ஒரு டம்ளர் காப்பி கெட்டியாக, குடிக்கிற மாதிரி வந்தது என்றால் அது சிக்கரியால்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி இல்லை என்று அவர் சொன்னதில்லை. வாழ்நாள் முழுக்க நல்ல கொட்டையைக் கையால் தொட்டுத் தொட்டு மூட்டையில் போட்டவர் குடித்த காப்பி அது. அவர் முன்னால் போய் இது கலப்படம் என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் தாங்கவில்லை.

அம்மாவைப் பழக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்., இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்பா போன பிறகு அந்த வீட்டில் காலையில் அவருக்கு மாறாமல் இருந்திருக்கக்கூடியது அந்த ஒரு டம்ளர் காப்பி. அதையும் நீங்கள் மாற்றிவிட்டீர்கள். கெட்ட எண்ணம் இல்லை, நல்லதைக் கொடுக்க வேண்டும் என்கிற ஆசைதான், எனக்குத் தெரிகிறது. அன்றன்றைக்கு அரைக்கிற பிள்ளைக்கு அக்கறை இல்லாமல் இருக்காது. ஆனால் அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த அன்றைக்கே நீங்கள் விட்டிருக்க வேண்டும்.

அலுவலகக் காப்பியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மெஷினைத் தொடாததில் பெருமையும் இல்லை, தொடுகிறவர்கள் மட்டமும் இல்லை. சூடான டிகாக்‌ஷனை ஃபிளாஸ்கில் அடைத்து மத்தியானம்வரை வைக்காதீர்கள், வாசனை போய்ப் புளிப்பு ஏறிவிடும். ஆறவைத்துச் சின்ன பாட்டிலில் கொண்டுபோய், அங்கே சூடான பாலில் கலந்துகொள்ளுங்கள்.

அப்பா தூள் வாங்கிய கடை இன்னும் இருக்கிறதா? இருந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா சொன்ன கணக்கு உங்களுக்கு நினைவில்லை என்றாலும் கடைக்காரருக்கோ அம்மாவுக்கோ நினைவிருக்கும். கடை இல்லையென்றால் 200 கிராம் காப்பிக்கு 50 கிராம் சிக்கரி என்று ஆரம்பியுங்கள், கொட்டை நீங்கள் சொல்கிற பீபெரியாகவே இருக்கட்டும். கால் கிலோவுக்கு மேல் ஒரு தடவையில் வாங்க வேண்டாம். ஃபில்டரில் தூளைப் போட்டு அமுக்காமல் லேசாகச் சமப்படுத்தினால் போதும். முதலில் இறங்குகிற டிகாக்‌ஷன் அம்மாவுக்கு. உங்களுக்குத் தனியாகச் சின்ன ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதில் சிக்கரி வேண்டாம்.